ஃபுல்கம் ஊரும் ஃபுல்கம் துரையும்

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் எங்கள் கிராமத்துக்குப் பெயர் ஃபுல்கம். பர்மிங்காமில் குளியலறை ஓடு விற்று ஓய்வு பெற்ற ஜெர்வேஸ் ஃபுல்கம், தன் குடும்பப் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றாக இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வந்து வீடு வாங்கினார். வந்த மாதமே சர்ச்சில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஊரையே எங்க முன்னோர்தான் ஆண்டாங்க" என்று அவர் ஆரம்பித்தாலே, பப் நடத்தும் டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வசந்தத்தில் அவர் ஊர் முனையில் ஒரு கல் நட்டார். 'ஃபுல்கம்: நிறைவின் பள்ளத்தாக்கு' என்று அதில் செதுக்கியிருந்தது. திறப்புவிழாவுக்கு ஊர்ப் பெயர்களை ஆராயும் ஹெஸ்டர் பிம் அம்மையாரை அழைத்திருந்தார். ஊர் மன்றத்தில் நாற்காலி போட்டது நான்தான், கவுன்சில் எழுத்தர் என்ற முறையில்.

அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "'கம்'னா பள்ளத்தாக்கு, அது சரி. ஆனா இந்த 'ஃபுல்' நிறைவு இல்லீங்க. பழைய இங்கிலீஷ் வார்த்தை. அழுக்கு, நாத்தம்னு அர்த்தம்."

டோரீன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஜெர்வேஸ் முகம் சிவந்துவிட்டது.

"நாத்தமோ வாசனையோ, ஆண்டது எங்க குடும்பம்தானே?"

"அதுக்கு ஆதாரம் இல்லீங்களே. ஊருக்குள்ளயே இருக்கறவனை யாரு ஊர்ப் பேர் சொல்லிக் கூப்பிடுவா? இங்கேருந்து வேற ஊருக்குப் போனவனைத்தான் அங்கே இருக்கறவங்க அப்படிக் கூப்பிட்டிருப்பாங்க. பெரும்பாலும் அப்படித்தான்."

"அப்போ உங்க பாட்டன் ஆளவே இல்லை துரை! நாத்தம் தாங்காம ஓடியிருக்கான்!" என்றாள் டோரீன்.

மன்றமே அதிர்ந்தது. ஜெர்வேஸ் தொப்பியைக் கையில் சுழற்றியபடி உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. பிறகு மெல்ல எழுந்தார்.

"டோரீன், உங்க குடும்பம் எத்தனை தலைமுறையா இங்கேயே இருக்கு?"

"பதினாலு!" என்றாள் நெஞ்சை நிமிர்த்தி.

"எங்க பாட்டனுக்காவது மூக்கு வேலை செஞ்சிருக்கு."

முதலில் சிரித்தவள் டோரீன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாய்யா, பீர் வாங்கித் தரேன்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

கல்லில் எதை விடுவது, எதை எடுப்பது என்று கவுன்சிலில் நான்கு கூட்டங்களிலும் சண்டை நடந்தது. கடைசியில் ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுரண்டினார்கள். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஸ்கிட்டில்ஸ் ஆட்டத்தில், ஜெர்வேஸ் இப்போது பப்பில் டோரீனின் அணிக்காகப் பந்து உருட்டுகிறார், மகா மோசமாக. ஒரே ஒரு கட்டை விழுந்தாலும் அவர் போடுகிற கூச்சல் சர்ச் வரை கேட்கிறது.