அதிதிகளுக்குத் தேநீர்

அழைப்பிதழில் ஒருவருடைய பெயர் விடுபட்டுப் போவதைவிடப் பெரிய பயம் இளையதம்பிக்கு உலகத்தில் இல்லை. ஷெல்லுக்குக்கூட அவர் அவ்வளவு பயந்ததில்லை. ஷெல் வந்தால் பதுங்குகுழிக்குள் இறங்கலாம். பெயர் விடுபட்டவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு படலையடியில் வந்து நின்றால் மனிசன் எதற்குள் இறங்குவது?

வவுனியாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மாணவர் மன்றங்களுக்குப் பொறுப்பான எழுதுவினைஞர் அவர். மண்டபத்துக்கு அனுமதி எடுப்பது, ஒலிபெருக்கி பிடிப்பது, கதிரை இரவல் வாங்குவது எல்லாம் அவர் தலையில்தான். மனதுக்குள் தன்னைப் பணிப்பாளர் என்றே அழைத்துக்கொள்வார். விழா முடிந்து பிள்ளைகள் வந்து “எப்பிடி சேர்?” என்று கேட்டால், பாதியில் நித்திரையாகிப் போனதற்கும் சேர்த்து “பிரமாதம்!” என்பார். அதையும் தன் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருந்தார்.

இரண்டாயிரமாம் ஆண்டு நாடக மன்றத்தின் விழாவுக்கு மூன்று மாதம் ஓடித் திரிந்தார். இருந்தது ஒரே ஒரு நாடகம், முப்பத்தைந்து நிமிடம். ஆனால் அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது அந்த நாடகம் பதினாலாவது இடத்தில் கிடந்தது. அதற்கு முன்னால் மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பிறகு வரிசையாக வாழ்த்துரைகள். பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி கதிர்காமநாதனைப் போட்டால், அவரோடு கதைபேச்சில்லாத இன்னொரு அதிகாரியையும் போடத்தானே வேண்டும்? அவரைப் போட்டால் அவருடைய மைத்துனர் சும்மா இருப்பாரா? வரவேற்புரை மட்டும் இளையதம்பி யாருக்கும் விட்டுக்கொடுக்காதது. அதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பதினொரு தரம் பேசிப் பார்த்திருந்தார்.

விழாவன்று மத்தியானமே முதல் ஆளாக வந்தவள் ராக்காயி. நாடகத்தில் நடிக்கும் இறுதி வருட மாணவி சிவரூபியின் தாய். நெளுக்குளத்துக்கு அங்கால் ஒரு குடியேற்றத்தில் மிளகாய்த் தோட்டத்தில் கூலி வேலை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள்.

“எம்புள்ள எத்தன மணிக்குங்கய்யா மேடையில வரும்? அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வீட்டுக்குப் போவ ஏலாது. ஆமிக்காரங்க சாவடிய மூடிருவாங்க.”

“மூண்டு மணிக்கு, அம்மா. என்ர நிகழ்ச்சி நிரல் ஒரு நிமிசம் பிசகாது” என்றார் இளையதம்பி. அதோடு விட்டாரா? “முதல்ல வரவேற்புரை நான்தான். முன்னுக்கு இருந்து வடிவாக் கேளுங்கோ” என்று வேறு சொல்லிவைத்தார்.

ஒன்றரைக்குத் தொடங்க வேண்டிய விழா, பிரதம அதிதி சாவடியில் மறிபட்டதால் இரண்டே காலுக்குத் தொடங்கியது. அந்தப் பழியைச் சாவடியில் போடலாம். ஆனால் பிறகு வந்த இருபத்தைந்து நிமிடத்தை யார் தலையில் போடுவது? வரவேற்புரையில் முப்பத்தேழு பேரை, ஒவ்வொருவராக, பட்டம் பதவியோடு வரவேற்றார் இளையதம்பி. கதிரை தந்த வாசிகசாலையை மறந்துவிட்டு, திரும்பவும் மேடையேறி அதையும் வரவேற்றார். கைதட்டல் பலமாக இருந்தது. இறங்கிவிட்டார் என்ற சந்தோசத்தில் தட்டினார்கள் என்பது அப்போது அவருக்கு விளங்கவில்லை.

நாலு மணிக்கும் ஐந்து வாழ்த்துரைகள் மிச்சம். ஒலிவாங்கியைக் கதிர்காமநாதன் பிடித்திருந்தார். மேடைக்குப் பின்னாலிருந்து சிவரூபி வந்தாள். தாயின் பழைய ஊதாச் சீலையைக் கட்டி, தலையில் நரை பூசியிருந்தாள். நாடகத்தில் அவளுக்கு மிளகாய்த் தோட்டத்தில் புல் பிடுங்கும் கிழவி வேசம்.

“சேர், அம்மா இதுவரைக்கும் என்னை ஒரு மேடையிலயும் கண்டதில்லை. எனக்கும் இனி மேடை கிடைக்காது, இதுதான் கடைசி வருசம். நாலே காலுக்குத் தொடங்கினாத்தான் அவா பாத்திட்டுப் போகலாம். ரெண்டு பேரை வெட்டுங்கோ சேர்!”

“ஐயோ பிள்ளை, பேர் அச்சடிச்சாச்சே!”

அவள் சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். இளையதம்பி ஒரு துண்டுக் கடதாசியில் ‘தயவுசெய்து சுருக்கவும்’ என்று எழுதி, ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்த மன்றச் செயலாளர் நஜீமிடம் கொடுத்தனுப்பினார்.

கதிர்காமநாதன் துண்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, சபைக்கே வாசித்தார். “நல்ல விசயம். சுருக்கத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லத்தான் இருந்தேன்” என்று தொடங்கினார். சுருக்கத்தின் அருமையைப் பத்து நிமிடம் விரித்தார்.

இளையதம்பி திரும்பிப் பார்த்தார். முதலில் வந்த ராக்காயி கடைசி வரிசையில் இருந்தாள். முன்வரிசையில் அதிதிகளுக்கென்று ஒதுக்கிய கதிரையிலிருந்து அவளை எழுப்பி அனுப்பியது வேறு யாருமல்ல, அவரேதான். இப்போது அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுவர் மணிக்கூட்டையும் மேடையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு எழும்பினாள்.

‘அட மடையா, இருபத்தைந்து நிமிசத்தைத் திண்டது நீயடா’ என்று இளையதம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

கதிர்காமநாதன் தண்ணீர் குடிக்கப் போத்தலைத் தூக்கிய நேரம், இளையதம்பி பாய்ந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தார். “பெருமதிப்புக்குரிய அதிதிகளுக்குப் பக்கத்து அறையில் தேநீர் ஆயத்தம்! தயவுசெய்து எழுந்தருளவும். மிகுதி வாழ்த்துரைகள் தேநீரின் பின்!”

எங்கள் பக்கத்து மேடைகளில் எந்தப் பேச்சையும் நிறுத்தக்கூடியது அதிதிகளுக்கான தனித் தேநீர் ஒன்றுதான். பிரதம அதிதி எழும்பினார். அவர் எழும்பிய பிறகு யார் இருக்க முடியும்? மேடை இரண்டு நிமிடத்தில் வெறுமையானது. “அம்மா, இருங்கோ! தொடங்குது!” என்று ராக்காயியைப் பார்த்துக் கத்திவிட்டு, இளையதம்பி அதிதிகளுக்குப் பின்னால் ஓடினார்.

பக்கத்து அறையில் கதிரைகள் இருந்தன. தேநீர் இல்லை. அவர் சொல்லிவைத்ததே ஐந்து மணிக்கு அல்லவா! குசினிக்குள் எட்டிப் பார்த்தார். சமையல் பார்த்த மீனம்மா அப்போதுதான் வடைச் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எண்ணெய் இன்னும் காயேல்லை சேர். அரை மணித்தியாலமாவது செல்லும்.”

அதிதிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரதம அதிதி மண்டபத்துப் பக்கம் ஒரு காலைத் திருப்பினார். இவர்கள் திரும்பிப் போனால் மேடை போச்சு. இளையதம்பி கதவை மறித்து நின்று, கையைக் கூப்பினார்.

“அதற்கிடையில், அடியேனின் நன்றியுரை.”

அந்த முப்பத்தேழு பேருக்கும் முதலில் நன்றி சொன்னார். பட்டம் பதவியோடுதான். பேர்கள் முடிந்ததும் கதிரைகளுக்கு, கதிரை ஏற்றிவந்த லான்ட்மாஸ்ரருக்கு, அதன் சாரதிக்கு, மழை பெய்யாத வானத்துக்கு. தொண்டை வறண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சபை சிரித்துக் குலுங்கியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அங்கே என்ன நடக்கிறதென்று பார்க்க அவருக்கு உயிர் துடித்தது. மூன்று மாதம் ஓடியது அதற்குத்தானே! கதவை விட்டு அசையாமல் விளக்குத் திரிக்கு நன்றி சொன்னார்.

ஒரு துண்டுக் கடதாசி கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது. கதிர்காமநாதனின் எழுத்து. ‘தயவுசெய்து சுருக்கவும்.’ இளையதம்பி அதைப் பவ்வியமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, துண்டு எழுதியவருக்கும் நன்றி சொன்னார்.

மண்டபம் அதிரக் கைதட்டல் கேட்டது. அதற்குப் பிறகுதான் வடை வந்தது. இளையதம்பி கதவை விட்டு வெளியே வந்தார்.

ராக்காயி பையை அணைத்தபடி வாசலால் ஓடிவந்தவள், அவரைக் கண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. “பாத்தேங்கய்யா. எஞ் சீலையக் கட்டிக்கிட்டு, குனிஞ்சு புல்லுப் புடுங்கிச்சு. நான் புடுங்குற மாதிரியேங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீங்க உள்ள பேசினதத்தான் கேக்க முடியல. கோவிச்சுக்காதீங்க.”

“ஓடுங்கோ அம்மா, பஸ் போயிடும்!”

தன் பேச்சைக் கேட்காத ஒருவரை இளையதம்பி சந்தோசமாக வழியனுப்பியது அதுதான் முதல் தடவை. அவள் பஸ்ஸில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பினால், ஊதாச் சீலையோடு சிவரூபி நின்றாள். வியர்வையில் நரை பாதி வழிந்திருந்தது.

“சேர், எப்பிடி சேர் எங்கட நாடகம்?”

‘பிரமாதம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது வரவில்லை.

“அம்மா பாத்தவா, பிள்ளை” என்றார்.