தேனிலவுச் சலுகையில் மாமனார்

கட்டிலின் நடுவில் வெள்ளைத் துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. சுற்றிலும் இதய வடிவில் ரோஜா இதழ்கள். வாசலில் நானும் என் மாமனாரும், ஆளுக்கொரு பையோடு.

ஓட்டல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை என்னுடையது. அறை பதிவு செய்யும்போது ‘ஏதாவது விசேஷமா?’ என்று இணையதளம் பிரியமாகக் கேட்டது. பிறந்தநாள் என்றால் பத்து சதவீதம் தள்ளுபடி, தேனிலவு என்றால் முப்பது. யோசிக்க நான் என்ன மடையனா? தேனிலவில் டிக் அடித்தேன். உடனே ‘வாழ்த்துகள்!’ என்று திரை முழுக்கக் காகிதப்பூ கொட்டியது. என் கல்யாணத்தில்கூட யாரும் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

விலை குறையும், அத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விளம்பரத்தில் சொன்னதைச் செய்கிற ஓட்டலை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்கக் கிடைத்த நேரம் இது.

எங்கள் சொந்தத்தில் யார் எங்கே கிளம்பினாலும் அறை பிடித்துத் தருவது நான்தான். ஒரே அறையை நாலு தளங்களில் திறந்து வைத்துக்கொண்டு, போனில் ஒரு விலை, கம்ப்யூட்டரில் ஒரு விலை என்று கண்டுபிடித்துப் பூரித்துப்போவேன். ‘ஒரே ஒரு அறைதான் பாக்கி! நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!’ என்று தளம் பதறும். அந்த நான்கு பேரும் நான்தான் என்று எனக்குச் சந்தேகம். விலை இன்னும் இறங்கும் என்று காத்திருந்து, என் மச்சினி குடும்பத்தை ஒரு ராத்திரி பஸ் நிலையத்தில் தங்க வைத்த பெருமையும் எனக்கு உண்டு. அதைவிட மலிவாக யாராலும் பிடித்துத் தந்திருக்க முடியாது.

இந்தப் பயணம் என் மனைவியின் ஏற்பாடு. மாமியார் போன பிறகு மாமனார் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். எங்களோடு வந்துவிடச் சொல்லி இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவரோ அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ‘பார்க்கலாம்’ என்பார். காபி வேண்டுமா என்றாலும் பார்க்கலாம்தான். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்வதா, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார்.

“ரெண்டு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. நான் கேட்டா அழுதுடுவேன், அவரும் அழுவாரு. நீங்க கேட்டா யாருக்கும் அழுகை வராது. நம்மகூட வந்து இருப்பாரா மாட்டாரா, ஒரே பதிலா வாங்கிட்டு வாங்க. வாங்காம வீட்டுப் பக்கம் வராதீங்க” என்றாள் மனைவி.

வரவேற்பில் இருந்த பெண், “மேடம் எங்க சார்?” என்று கேட்டாள்.

“பின்னாடி வர்றாங்க.”

பின்னாடி மாமனார் வந்தார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நல்ல பயிற்சி கொடுத்திருந்தார்கள். “கங்கிராஜுலேஷன்ஸ் சார்” என்று சாவியை நீட்டினாள்.

அறையிலிருந்து அவளுக்குப் போன் செய்து, இரண்டு கட்டில் உள்ள அறை கிடைக்குமா என்று கேட்டேன். “இந்த பேக்கேஜ்ல இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல சார். விசாரிச்சுச் சொல்றேன்” என்றாள். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது.

மாமனார் ஓர் அன்னத்தைத் தூக்கிப் பார்த்தார். “இது என்ன மாப்பிள்ளை, வாத்தா?”

“அன்னம், மாமா.”

“ஓ.” கழுத்தைப் பிடித்து உதறி முகம் துடைத்துக்கொண்டார். “நல்ல துண்டு.”

குளியலறைக்குச் சுவர் இல்லை, கண்ணாடிதான். அவர் குளிக்கும்போது நான் பால்கனியில் நின்று மலையை ரசித்தேன். நான் குளிக்கும்போது அவர் ரசித்தார். இருவருமே அவ்வளவு கவனமாக ஒரு மலையைப் பார்த்திருக்க மாட்டோம்.

“மாமா, மாசக் கடைசி வருது...” என்று ஆரம்பித்தேன்.

“வரும்ல. எல்லா மாசத்துக்கும் வரும்.”

சாயங்காலம் நீச்சல்குளத்தின் ஓரம் எங்களுக்கென்று தனி மேஜை. மெழுகுவத்தி, இதய வடிவ கேக். சர்வர் கேமராவோடு வந்து, “கொஞ்சம் ஒட்டி உக்காருங்க சார்” என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், “எடுக்கட்டும், காசு குடுத்திருக்கீங்கல்ல” என்று மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளில் கை போட்டார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, அந்தக் கையை அவர் உடனே எடுத்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

“மாமா, தப்பு என்னுது. தள்ளுபடிக்காகத் தேனிலவுன்னு போட்டுட்டேன்.”

“எவ்வளவு?”

“முப்பது சதவீதம்.”

“நல்ல தள்ளுபடிதான்.”

அந்தத் தெம்பில் தொடர்ந்தேன். “எங்க வீட்ல உங்களுக்குத் தனி ரூம் மாமா. பெரிய ஜன்னல். பார்க்குக்கு அஞ்சு நிமிஷ நடை. காலை டிபன்...”

“ஓட்டல்காரன் மாதிரியே பேசறீங்களே. அங்க தங்கினவங்க என்ன சொல்றாங்க?”

மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

“தங்கினவன் நான்தான் மாமா. சத்தம் ஜாஸ்தி. பாதி, உங்க பொண்ணு என்னைத் திட்டற சத்தம். ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். அந்த ரூம்ல பாதி இடத்தை மலிவா கிடைக்குதேன்னு நான் வாங்கிப் போட்ட சாமான் அடைச்சிருக்கு. அதெல்லாம் எடுத்துடலாம். நீங்க தனியா சாப்பிடறதை நினைச்சா அவளுக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. எனக்கும்தான். எங்ககூட வந்து இருக்கறீங்களா, மாட்டீங்களா மாமா?”

அவர் கேக்கை வெட்டி, பெரிய துண்டை என் தட்டில் வைத்தார்.

“மாட்டேன் மாப்பிள்ளை. உங்களை எனக்குப் பிடிக்கும். கூடவே இருந்தா பிடிக்காமப் போயிடும். அவகிட்ட நானே சொல்லிக்கறேன்.”