மூன்று விரல் பாறை

மீராமுகைதீன் மாஸ்டருக்கு அன்று விடிகாலைச் சுபஹுத் தொழுகையிலேயே மனம் நிலைகொள்ளவில்லை. அம்பாறைக்கு அப்பால் காட்டுப் பாறையொன்றில் மூன்று விரல் தடங்கள், ஒவ்வொன்றும் அரிசி புடைக்கும் சுளகளவு, பதிந்திருப்பதாக விறகு வெட்டும் ஹமீட் சொல்லியிருந்தான். டைனோசராக இருக்குமோ என்று எண்ணிய நாள்முதல் அந்த விஞ்ஞான ஆசிரியருக்கு உறக்கமில்லை. இப்போது, பாதை போடக் கல் வேண்டுமென்று மறுநாள் அந்தப் பாறைக்கு வெடி வைக்கப் போகிறார்களாம். நோன்பு மாதம்; கச்சான் காற்று நெருப்பாய் வீசியது. இருந்தும் புறப்பட்டுவிட்டார்.

கூட வந்தவர் பாண்டிருப்புப் பூபாலசிங்கம், அவரது பள்ளிக்கூடத்திலேயே கணிதம் படிப்பிப்பவர். கூட்டாளி நோன்பு திறக்கவென்று ஒரு போத்தல் தண்ணீரும் பேரீச்சம்பழமும் அவர் பையில் இருந்தன.

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மீராமுகைதீன் நடக்கவில்லை, ஓடினார்.

“மச்சான், அது செத்துக் கோடி வருசம். எழும்பி ஓடாது,” என்றார் பின்னால் வந்த பூபாலசிங்கம்.

“நாளைக்குத் தூளாப் போயிடும்டா. கதையாம நட.”

வெயில் உச்சிக்கு ஏறியது. பின்னால் காலடி ஓசை நின்றது. திரும்பினால், பூபாலசிங்கம் ஒரு மரத்தடியில் சரிந்து கிடந்தார். உதடு வெடித்து, கண் சொருகியிருந்தது. போத்தலின் மூடி திறக்கப்படவே இல்லை.

“தண்ணியக் குடிடா!”

“நீ நோன்போட நிக்க நான் குடிக்கிறதா? அம்மா அறிஞ்சா விளக்குமாறு எடுப்பா.”

நோன்பாளி முன்னால் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வளர்ந்தவர் அவர். மீராமுகைதீன் கெஞ்சினார், ஏசினார், பலிக்கவில்லை. பாறை இருந்த மலை இன்னும் தூரத்தில் நின்றது. இவரை இங்கேயே விட்டுவிட்டு ஓடிப் பார்த்து வந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே வெட்கினார். விட்ட நோன்பைப் பிறகொரு நாள் கழாவாகப் பிடித்து ஈடுகட்டலாம். கூட்டாளியை எந்த நாளில் ஈடுகட்டுவது?

பிஸ்மி சொல்லிப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார்.

“இந்தா, நான் முறிச்சிட்டன். இனி என்ன சாட்டு?”

பூபாலசிங்கம் திகைத்துப் பார்த்தார். பிறகு மடமடவென்று குடித்தார். கண்ணில் நீர் வந்தது, புரைக்கேறிவிட்டது என்றார்.

வெயில் தாழும்வரை மீராமுகைதீன் அவர் தலைமாட்டில் இருந்து தொப்பியால் விசிறினார். கண் மட்டும் மலையை விட்டு அகலவில்லை. கடைசியில் பூபாலசிங்கமே எழுந்தார்.

“வா, நட. நீ இருக்கிற இருப்பு முள்ளுல இருக்கிற மாதிரி.”

நிழல் நீண்ட வேளையில் பாறையில் ஏறினார்கள். ஹமீட் பொய் சொல்லவில்லை. மூன்று விரல்கள், ஆழமாய். டைனோசரோ, மழை அரித்த குழியோ, யாரறிவார்? மீராமுகைதீன் உள்ளங்கையை அதற்குள் வைத்தார். கல் இன்னும் சுட்டது.

“கோழிக்கால்தான் மச்சான். எந்தப் பேயன் இவ்வளவு பெரிசா வளத்தவன்?”

“அல்லாஹ்தான்டா வளத்தவன்.”

பூபாலசிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து, “நீ கழா நோன்பு பிடிக்கிற அண்டைக்கு நானும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டன்,” என்றார்.

“விளங்கினாப் போலதான்! அண்டைக்கும் உனக்காக முறிக்கணுமா?”