துப்பாக்கி அவளுக்கு, ஸ்பிரிங் அவனுக்கு

ஐடெல்லாவும் ஆரினும் விவாகரத்து வாங்கியபோது வீடு அவளுக்குப் போனது, டிரக் அவனுக்குப் போனது. நாய் யாரையும் கேட்காமல் ஐடெல்லாவின் பின்னால் போய்விட்டது. கடைசியில் மிஞ்சியது ஒரு ஜோடி கைத்துப்பாக்கி. பழைய கௌபாய் காலத்து மாதிரியில் செய்தது. அதற்காக இருவரும் அரை நாள் கத்தினார்கள். நீதிபதிக்குப் பசி வந்திருக்க வேண்டும்.

"துப்பாக்கி ரெண்டும் அந்தம்மாவுக்கு. அதோட உதிரி பாகம் இருக்கிற டப்பா இவருக்கு. எல்லாரும் கிளம்புங்க" என்றார்.

தோற்றவன் ஆரின்தான். ஆனால் வெளியே வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்பது எனக்கு மறு வருடம்தான் புரிந்தது.

அரிசோனாவில் எங்கள் ஊருக்கு வெளியே, பொட்டல் வெளியில் எங்கள் சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை பெரிய தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, தாத்தாவின் தாத்தா காலத்து ஆட்களைப் போல வேஷம் கட்டி, இரும்புத் தகடுகளைச் சுடுவோம். சுடுவோம் என்றா சொன்னேன்? அவர்கள் சுடுவார்கள். நான், வெண்டல் ஸ்ட்ரவுட், யார் எவ்வளவு வேகம் என்று கடிகாரம் பிடித்து, முடிவைக் கத்திச் சொல்பவன். எனக்குத் துப்பாக்கி கிடையாது, தொண்டை மட்டும் உண்டு.

விவாகரத்துக்கு மறு வருடம் ஒரு சனிக்கிழமை, போட்டி நடுவில் ஐடெல்லாவின் துப்பாக்கி ஒன்று சண்டித்தனம் செய்தது. பின்னால் இருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்தால், குண்டுகள் இருக்கும் உருளை ஒரு இடம் நகர வேண்டும். நகரவில்லை. துப்பாக்கியைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து இழுத்தால் மட்டும் நகர்ந்தது.

"வெண்டல், இது மண்ணை மட்டும்தான் சுடுவேன்னு அடம் பிடிக்குதுப்பா" என்றாள்.

உருளையைத் தள்ளும் கொக்கியின் பின்னால் ஒரு சின்னத் தகட்டு ஸ்பிரிங் இருக்கும். அது உடைந்துவிட்டது. அதே ஸ்பிரிங், நல்ல எஃகில் ஒவ்வொன்றாக அராவிச் செய்தது, ஆரினின் டப்பாவில் நிறைய இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்த ஆரின் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் போட்டான்.

"அவன்கிட்டப் போய் நிக்கிறதுக்குப் பதிலா நான் கவண்கல்லுல சுடுவேன்" என்றாள் ஐடெல்லா.

தபாலில் வரவழைத்தாள். முதலில் வந்தது, 'உயர்ந்த தரம்' என்று தங்க எழுத்தில் போட்ட உறையில் வந்தது. மாட்டிய அன்றே வளைந்துவிட்டது, வெண்ணெயில் செய்தது போல. அடுத்தது கொக்கிக்குள்ளேயே நுழையவில்லை. இன்னொரு கடைக்காரன் வேறு ஏதோ துப்பாக்கிக்கான ஸ்பிரிங்கை அனுப்பிவிட்டு, 'கொஞ்சம் தட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று அறிவுரையும் அனுப்பினான். பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை ஐடெல்லாவுக்கு. அந்த நாட்களில் அவளிடம் வாயைத் திறந்து படுத்தவர்கள் பாவம்.

கடைசியில் என்னைப் பிடித்தாள். "நீ போய் உனக்குன்னு சொல்லி வாங்கிட்டு வா. என் பேரு வாயில வரக்கூடாது."

தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வண்டிதான் ஆரினின் வீடு. கதவைத் தட்டினேன்.

"ஆரின், கொக்கி ஸ்பிரிங் ஒண்ணு வேணும்டா."

"எதுக்கு?"

"என் துப்பாக்கிக்கு."

"உங்கிட்ட ஏதுடா துப்பாக்கி?"

"வாங்கப்போறேன்."

"வாங்குறதுக்கு முன்னாடியே ஸ்பிரிங் உடைஞ்சு போச்சா? பாவம்டா நீ!"

உள்ளே போனான். ரொம்ப நேரம் இழுப்பறைகளை உருட்டும் சத்தம். ஒரு மெல்லிய காகிதப் பொட்டலத்தோடு வந்தான். "உசத்தியான சரக்கு. பத்திரமா கொண்டுபோய்க் குடு. உன் துப்பாக்கிகிட்டதான்!" என்று கண்ணடித்தான்.

ஐடெல்லா சமையலறை மேஜையில் பிரித்தாள். உள்ளே இருந்தது ஒரு பழுப்பு நிற ஹேர்பின். பாதியாக ஒடித்தது.

"இது என்னோட பின்னுடா!" என்றாள். "குளியலறையில கிடந்ததை எல்லாம் தூக்கிட்டுப் போயிருக்கான் படுபாவி!"

நான் கதவோரமாக நகர்ந்தேன். ஆனால் அவள் கத்தவில்லை. பின்னை விரல்களுக்கு நடுவில் வளைத்தாள், விட்டாள். மறுபடி வளைத்தாள். அது டக்கென்று நிமிர்ந்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ஆரினுக்கு நல்லதில்லை என்று எனக்குத் தோன்றியது. பல்லுக்குக் கம்பி கட்டும் இடுக்கியை எடுத்து வந்து, துப்பாக்கியைப் பிரித்து, பின்னை அளவாக வெட்டிச் செருகிப் பூட்டினாள். சுத்தியை இழுத்தாள். உருளை சுழன்றது. கூரையைப் பார்த்துப் பிடித்தாலும் சுழன்றது.

அடுத்த போட்டியில் ஐடெல்லா சுட்ட வேகத்துக்கு என் கடிகாரத்தையே நான் சந்தேகப்பட்டேன். ஒரு தகடுகூடத் தப்பவில்லை. இரவல் துப்பாக்கியோடு வந்திருந்த ஆரின் வெகு தூரம் பின்னால் போனான். முடிவைச் சொன்னதும் அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! இந்த வெற்றி என்னோடது இல்ல. ஆரின் டாக்கெட் குடுத்த உயர்ந்த தரமான உதிரி பாகத்தோடது! என்ன இருந்தாலும் பெரிய மனசுக்காரர்!"

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் ஆரினைச் சூழ்ந்துகொண்டது. எனக்கொண்ணு, எனக்கு ரெண்டு என்று கைகள் நீண்டன. "எங்கே செஞ்சதுப்பா அது?" என்று ஒரு அம்மாள் விடாமல் கேட்டாள். ஹேர்பின் என்று சொன்னால் ஹேர்பின்னிடம் தோற்றவன் ஆவான். சொல்லாவிட்டால் டப்பாவே காலியாகும். ஆரின் சிவந்தான், வெளுத்தான், ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று ஓடினான்.

மதியம் ஐடெல்லா தன் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு, பச்சை மிளகாய் வைத்து ரொட்டியில் சுருட்டிய பரிட்டோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆரின் டப்பாவோடு வந்து நின்றான்.

"அதைக் கழட்டு."

"எதை?"

"அந்தக் கருமத்தை. பிள்ளை மாதிரி வச்சிருந்த துப்பாக்கி. அது வயித்துக்குள்ள தலையில குத்துற பின்னா?"

"நல்லாத்தான ஓடுது."

"நாளைக்கே ஒடியும்."

"ஒடிஞ்சா என்ன, தலையில இன்னும் நிறைய இருக்கு."

ஆரினுக்குக் குரல் இறங்கியது. "வேண்டாம் ஐடெல்லா. நான் விளையாட்டுக்குக் குடுத்தேன். நீ நிஜமாவே மாட்டுவேன்னு நினைக்கல. கழட்டு. நானே நல்லதாப் போட்டுத் தர்றேன்."

அவள் பரிட்டோவை முழுவதும் தின்று முடிக்கும்வரை அவனை நிற்க வைத்தாள். பிறகு துப்பாக்கிகளை நீட்டினாள். இரண்டையும் பிரித்து, எண்ணெய் போட்டு, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அராவி, மாட்டிப் பார்த்து, திரும்பவும் அராவி, நிதானமாக வேலை செய்தான். வேலை முடிந்த பிறகும் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு தடவை சுட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஐடெல்லா வாயைத் துடைத்துக்கொண்டாள். "போ. தவறவிட்டா டப்பா எனக்கு."

ஒன்றும் தவறவில்லை. திரும்பி வந்தவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், அவளும் சிரித்துவிட்டாள்.

அப்படியே ஒரு ஏற்பாடு வந்தது. காலைக் குழுவில் அவள் சுடுவாள், மதியக் குழுவில் அதே துப்பாக்கிகளோடு அவன் சுடுவான். மறுபடி கல்யாணமா என்று கேட்ட ஒரு ஆளை இருவரும் சேர்ந்தே துரத்தினார்கள்.

போன மாதம் ஆரின் அவளை ஒரு கண்ணிமைப்பு நேர வித்தியாசத்தில் முந்திவிட்டான். நான் அவளுக்குப் பொத்தானைத் தாமதமாக அமுக்கினேன் என்கிறாள் ஐடெல்லா. 'எனக்கு அதைவிடத் தாமதமா அமுக்கினான், இல்லேன்னா இன்னும் அதிகமா முந்தியிருப்பேன்' என்கிறான் ஆரின். இப்போதெல்லாம் அவர்களுக்குள் சண்டையே இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத்தான் திட்டுகிறார்கள்.