புல்வெளிக்குப் போன தண்ணீர்

விடுதியின் படுக்கை விரிப்புகள் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கிடந்தன. சலவைக்காரி குழாயை முறைத்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சற்றுமுன்வரை சோவென்று கொட்டிய தண்ணீர் திடீரென நூலாக இளைத்துவிட்டது. ஒரு வாளி நிறைவதற்குள் குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். வெயில் இருக்கும்போதே அலசி உலர்த்தினால்தான் சாயங்காலம் வண்டியில் ஏற்ற முடியும். இன்னொரு தடவை தாமதமானால் துணியெல்லாம் மெஷின் சலவைக்குத்தான் என்று விடுதி மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

போன் போட்டதும் பிளம்பர் வந்தான். அவள் குடியிருந்த அந்த மாடி அறைக்கு ஆள் வந்து எத்தனை நாளாயிற்று! மகள்கூட போனில் "சரிம்மா, வச்சிடறேன்" என்பதோடு சரி. அவசரம் ஒரு பக்கம் கழுத்தைப் பிடித்தாலும், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க தம்பி."

"வேல முடியட்டும்கா."

குழாய் வாயிலிருந்த சல்லடையைக் கழற்றித் தட்டினான். ஒரு சிட்டிகை மண் விழுந்தது. மாட்டித் திறந்தால் அதே நூல். குளியலறைக் குழாயைத் திறந்தான். அங்கேயும் அப்படித்தான்.

"குழாய்ல கோளாறு இல்லக்கா. வர்ற வழியிலதான் ஏதோ இருக்கு."

இருவரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். தொட்டி தளும்பியது. வால்வும் முழுதாகத் திறந்திருந்தது. அறைக்கு இறங்கும் பழைய குழாயில் ஓரிடத்தில் புது இணைப்பு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதிலிருந்து ஒரு தடித்த குழாய் தோட்டத்துக்கு இறங்கியது. பிளம்பர் தலையைச் சொறிந்தான்.

"நான் போட்டதுதான்கா இது. புல்லுக்குச் சுத்திச் சுத்தி அடிக்குதே, அதுக்கு. அது ஓடுறப்போ இங்க நூலாத்தான் வரும். மாடியில சாமான் ரூம்தான், ஆளே கிடையாதுன்னு வீட்டம்மா சொன்னாங்க. நானும் எட்டிப் பாக்காம வெட்டிட்டேன்."

"சாமானா? சாமான் மாசாமாசம் வாடகை குடுக்குமா தம்பி?" சிரிக்கத்தான் பார்த்தாள். புதுக் குழாயைக் காட்டினாள். "அத அடைச்சு விட்டுடுங்க."

"அவங்களக் கேக்காம கைய வச்சா என் பொழப்புல மண்ணுக்கா. இந்தத் தெரு வேலையெல்லாம் அவங்க சொல்லித்தான் வருது." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாயங்காலம் அதுவா நின்னுடும். அப்புறம் தொவச்சுக்குங்க." கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனான்.

அவள் அறைக்குத் திரும்பியபோது நாற்காலி காலியாகவே கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளினாள். பிறகு புடவையை இழுத்துச் செருகி, துணித் தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்க மூச்சு வாங்கக் கீழே இறங்கினாள்.

புல்வெளியில் தண்ணீர் விசிறியடித்துச் சுழன்றுகொண்டிருந்தது. நடுவில் உட்கார்ந்து ஒரு விரிப்பை விரித்துப் பிடித்தாள். நல்ல வேகம். நுரை வழிந்து புல்லில் இறங்கியது.

கீழே வீட்டம்மாவின் ஜன்னல் திறந்தது. "யாரது புல்லு மேல? சோப்புத் தண்ணி பட்டா கருகிடும்!"

"நான்தாம்மா, மாடியில குடியிருக்கிறவ!" என்றாள், வேண்டியதற்கும் மேலாகச் சத்தமாக.

"யாரா இருந்தா என்ன? மொதல்ல எறங்கு அங்கிருந்து!"

பாதி அலசிய விரிப்பைச் சுருட்டிக்கொண்டு சிமெண்ட் பாதைக்கு வந்தாள். முழங்கை வரை சோப்பு உலர்ந்து பிசுபிசுத்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒட்டியிருந்த நுரையைத் தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லாமல் அலசிக்கொண்டிருந்தது.