திரைச்சேலைக்கு வெளியே

குவைத்தில் பதினான்கு குளிர்காலம் கூடாரம் அடித்தவர் ஆசியா உம்மா. குளிர் வந்தால் அவர் வேலைக்கு நின்ற வீட்டுக்காரர்கள் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். தங்குவது அவர்கள். முளை அடிப்பது, கம்பளம் விரிப்பது, ஆட்டிறைச்சி அவிப்பது, மணலைப் போட்டுச் சட்டி தேய்ப்பது, எல்லோருக்கும் முன்னால் எழும்பித் தேநீர் கொதிக்க வைப்பது எல்லாம் ஆசியா உம்மா. ஒரு தடவையாவது அந்தக் கூடாரத்துக்குள் காலை நீட்டிப் படுத்தோம் என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

ஆகவே, வாகரைப் பக்கம் கடலுக்கும், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்புக்கும் நடுவில் ஒரு லொட்ஜ் இருக்கிறது, அறை எடுக்காதவர்கள் மணலில் கூடாரத்திலும் தங்கலாம் என்று மகளின் போனில் ஒரு வீடியோவைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் நம்பரை அழுத்தி இரண்டு நாளைக்கு ஒரு கூடாரம் சொல்லிவைத்துவிட்டார்.

ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை காலை ஏறாவூரில் பஸ் ஏறினார். ஐம்பத்து மூன்று வயது விதவை தனியாகப் போய் லொட்ஜில் தங்குவதா என்று ஊர் வாயைத் திறப்பதற்குள் பஸ் ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டிவிட்டது. பைக்குள் இரண்டு உடுப்பு, ஒரு துவாய், தொழுகைப் பாய், அடியில் பாஸ்போட். பாஸ்போட் மறதியாகப் பைக்குள் வந்தது அல்ல. வீட்டில் வைத்தால் திரும்பிப் போகும்போது அது அங்கே இருக்காது என்று தெரிந்துதான் எடுத்து வந்தார்.

விசயம் இதுதான். மருமகன் றிஸான் வீட்டுக்கு மேல்மாடி கட்ட ஆசைப்பட்டார். அதற்காக மாமி இன்னும் இரண்டு வருடம் குவைத்துக்குப் போனால் நல்லது என்று ஒரு ஏஜென்சியில் பெயரும் கொடுத்துவிட்டார். போகவேண்டிய ஆளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்கவும் முடியாது. மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணத்தோடு வீடு மகளுக்குப் போய்விடும். கல்லும் சீமெந்துமாய் ஆசியா உம்மா கட்டிய வீட்டை மகள் பஸ்னாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் பக்கத்து அறைக்கு அவர் போய்விட்டார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய உம்மாவும் அவருக்கு அப்படித்தான் கொடுத்தார். ஆனால் இன்னொரு வழக்கமும் கூடவே உண்டு. மருமகன் முன்னால் மாமி நிற்பதில்லை, முகம் பார்த்துக் கதைப்பதில்லை. மற்ற வீடுகளில் இது எப்போதோ தளர்ந்துபோய்விட்டது. ஆசியா உம்மாவின் வீட்டில் மட்டும் குசினி வாசலில் தொங்கிய பச்சைத் திரைச்சேலை ஒன்பது வருடமாக அசையவில்லை. றிஸான் அந்தப் பக்கம், மாமி இந்தப் பக்கம், நடுவில் பஸ்னா தபால்காரி.

தபால்காரியில்தான் கோளாறு. "நான் போகமாட்டன் எண்டு சொல்லு" என்று உம்மா சொல்வார். பஸ்னா திரைச்சேலையை விலக்கிக்கொண்டு போய், "உம்மா யோசிக்கிறாவாம்" என்பாள். சேலைக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு காதாலும் ஆசியா உம்மா அதைக் கேட்டார், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. புருசனோடு சண்டை வரக்கூடாது என்று மகள் பயந்தாள். அது உம்மாவுக்கு விளங்கியது. விளங்கினாலும் கோபம் அடங்கவில்லை. எட்டிப் பார்த்து "அவள் பொய் சொல்றாள்" என்று கத்த வழக்கம் விடவில்லை.

லொட்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனேஜர் வினோஜன் ஓடி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"வாங்க, வாங்க. ஏறாவூர் உம்மாதானே? விடியத் தொடக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறம். இஞ்சால வாங்க."

நல்ல மரியாதை என்று ஆசியா உம்மா பின்னால் போனார். போய் நின்ற இடம் குசினி. ஒரு பெரிய தட்டில் பாரை மீன் வெட்டாமல் கிடந்தது. ஒரு கூடை வெங்காயம். கழுவாத சட்டிகள் மலைபோல். வினோஜன் கத்தியைக் காட்டிவிட்டு யாரோ கூப்பிட வெளியே போனார்.

கை தானாகக் கத்தியை எடுத்துவிட்டது. எங்கே நிற்கிறோம் என்று கைக்குத் தெரியாது, வேலை மட்டும்தான் தெரியும். ஒரு வெங்காயத்தில் பாதித் தோல் உரிந்த பிறகுதான் ஆசியா உம்மாவுக்குச் சுரீரென்றது. கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி, நான் ஆக்க வந்தவ இல்ல. திங்க வந்தவ. அஞ்சாம் நம்பர் டென்ட் ஆர்ர பேரில இரிக்கி எண்டு பாருங்க."

வினோஜன் பதிவுக் கொப்பியைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. சமையலுக்கு வருவதாகச் சொன்ன பெண்ணும் ஏறாவூர்தான், வருவதாகச் சொன்ன நாளும் அன்றுதான். கறுத்த அபாயாவும் கையில் பையுமாக ஒரு மனுசி வந்து நின்றால், அவர் காசு கட்டித் தங்க வந்தவராக இருக்கலாம் என்று அந்த மனுசனுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

"மன்னிச்சிக்கங்க உம்மா. தெரியாமப் போச்சு."

"தெரியாட்டிக் கேக்கணும். வாய் இரிக்கிதானே எனக்கும்."

குசினியில் அந்தப் பாதி உரித்த வெங்காயம் அப்படியே கிடந்தது. மீதியையும் உரித்துவிட்டு வரலாமே என்று கை கெஞ்சியது. இரண்டு நாளைக்கு உனக்கு விடுமுறை என்று கையை அடக்கினார்.

ஐந்தாம் நம்பர் கூடாரம் களப்பைப் பார்த்தபடி தாழை மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே மெத்தை, தலையணை, வாசலில் ஒரு பிரம்புக் கதிரை. ஆசியா உம்மா முளை ஒன்றைப் பிடித்து இழுத்தார். கிழங்கு பிடுங்குவதுபோல் வந்துவிட்டது. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் மணலில் இப்படியா முளை அடிப்பது? நாலு வெறும் அரிசிச் சாக்குக் கேட்டு வாங்கி, மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்தார். எல்லாம் அரை மணித்தியால வேலை.

வினோஜன் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "வேலை செய்ய வரல்ல எண்டீங்க, உம்மா?"

"இது வேலை இல்ல. இது என்ட வீடு."

சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. ஏறாவூர் அறையில் அவருடைய கட்டிலுக்குக் கீழே மகளின் பழைய சட்டி பானையும், மேலே பரணில் பேரனின் உடைந்த சைக்கிளும் இருந்தன. இந்த இடத்தில் அவருடைய பையைத் தவிர வேறு எவருடைய சாமானும் இல்லை.

பின்னேரம் களப்பில் தோணியில் ஏறினார். ஓட்டுகிறவர் துடுப்பை நீட்டி, "பிடிச்சுப் பார்க்கிறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டார். இரவு மீன்கறியும் சோறும் வந்தது. சமையலுக்குச் சொன்ன பெண் வராததால் சமைத்தவர் வினோஜனின் மனைவி தக்ஷாயினி, உப்புக் கொஞ்சம் கூட. மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு மறுபடி படுத்தார். சூரியன் கூடாரத் துணியில் ஏறும்வரை படுத்தார். தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி காணாது" என்று திருப்பி அனுப்பினார். தேத்தண்ணியைத் திருப்பி அனுப்புவது இவ்வளவு லேசான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்து மணிக்குப் பஸ்னாவின் போன்.

"உம்மா, பாஸ்போட் எங்க? இவர் அலுமாரி முழுக்கத் தேடிட்டார்."

"என்னோட இரிக்கி."

"இண்டைக்கு ஏஜென்சிக்குக் குடுக்கணுமாம். திங்கக்கிழமை மெடிக்கலாம்."

"நான் போகமாட்டன். அப்பிடியே சொல்லு. ஒரு சொல்லையும் மாத்தாம சொல்லு."

"சரி உம்மா, சொல்றன்." போனை வைக்க மறந்துவிட்டாள் பாவம். அவளுடைய குரல் தெளிவாகக் கேட்டது: "உம்மா மறந்து பேக்கில போட்டுக்கிட்டுப் போயிட்டாவாம்."

ஆசியா உம்மா போனை மெத்தையில் எறிந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் எழும்பியது. களப்பு நுரைத்தது, மணல் கண்ணுக்குள் அடித்தது. மூன்றாம் நம்பர் கூடாரம் முதலில் போனது. கொழும்பிலிருந்து வந்த புதுத் தம்பதி அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு ஏழாம் நம்பர் தாழையில் போய்ச் சிக்கியது. ஐந்தாம் நம்பர் படபடத்தது, ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. ஆசியா உம்மா அதன் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். அந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள் ஒன்று கேட்டுக்குள் வந்தது.

றிஸான். தலையெல்லாம் புழுதி. ஏறாவூரில் கூரை ஓடும் தண்ணீர்க் குழாயும் விற்கிற கடையில் நிற்கிற மனுசன், சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாமிக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி வந்து மகளிடம் கொடுத்து அனுப்புவார். அதையும் திரைச்சேலை வழியாகத்தான்.

அவரைக் கண்டதும் ஆசியா உம்மா எழும்பிக் கூடாரத்துக்குள் போய் வாசல் ஸிப்பைப் பாதிக்கு இழுத்து மூடினார். யோசித்துச் செய்யவில்லை, ஒன்பது வருடப் பழக்கம். றிஸானும் பத்து எட்டுத் தள்ளி நின்று, முகத்தைக் களப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ்னா இல்லை. சொல்லி அனுப்ப ஆளில்லை. பிறகு, பறந்த கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்த வினோஜனைப் பிடித்தார்.

"தம்பி, உள்ள எங்கட மாமி இரிக்கிறா. பாஸ்போட்ட ஒருக்காத் தரச் சொல்லுங்க."

வினோஜன் அவரைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார். பத்து எட்டு. கூப்பிட்டால் கேட்கிற தூரம். என்ன குடும்பமோ என்று நினைத்திருக்கவேண்டும். நடந்து வந்து ஸிப்புக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"உம்மா, பாஸ்போட் வேணுமாம்."

"நான் குவைத்துக்குப் போகமாட்டன். பாஸ்போட்டும் தரமாட்டன். போய்ச் சொல்லுங்க."

வினோஜன் திரும்பி நடந்தார். மற்ற விருந்தாளிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லொட்ஜ் நடத்துகிறவருக்குத் தன் மணலில் சண்டை வருவது பிடிக்குமா? றிஸானின் தோளில் கை வைத்து நல்ல பணிவாகச் சொன்னார்:

"அவ கொஞ்சம் களைப்பா இருக்கிறாவாம். பிறகு பார்ப்பம் எண்டு சொல்றா."

கூடாரத்துக்குள் ஆசியா உம்மாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பெற்ற மகளும் இதைத்தான் செய்தாள். நேற்றுப் பார்த்த அந்நியனும் இதைத்தான் செய்கிறான். அவருடைய வாயிலிருந்து 'மாட்டன்' என்று போகிற சொல் எவர் கையில் கொடுத்தாலும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது 'பிறகு' ஆகிவிடுகிறது. இவர்களை நம்பினால் 'பிறகு, பிறகு' என்றே தன்னைப் பிளேனில் ஏற்றிவிடுவார்கள்.

முக்காட்டை இழுத்து இறுக்கினார். பாதி மூடிய ஸிப்பை ஒரே இழுவையில் முழுக்கத் திறந்தார். வெளியே வந்து, அந்தப் பத்து எட்டையும் நடந்து, மருமகனின் முகத்துக்கு நேரே நின்றார்.

"மருமகன். இஞ்ச பாருங்க. களப்பப் பாக்காதீங்க, என்னப் பாருங்க."

றிஸான் திடுக்கிட்டுப் பார்த்தார். மாமியின் கண் இப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

"நான் போகமாட்டன். யோசிக்கல்ல, மறக்கல்ல, களைப்பும் இல்ல. ரெண்டு தரம் சேலைக்குப் பின்னால நிண்டு சொன்னன், காலையில போனில சொன்னன், இப்பவும் சொன்னன். ஒங்களுக்கு ஒண்டும் வந்து சேரல்ல."

றிஸான் செருப்பால் மணலைக் கிளறினார். மணலைப் பார்த்தபடியே மெதுவாக, "பஸ்னா சொன்னா, மாமிக்கு விருப்பம்தான், வெக்கத்தில சொல்றா இல்ல எண்டு…" என்றார்.

ஆசியா உம்மாவின் கோபம் ஒரு நிமிடம் தடுமாறியது. ஆக, இந்த மனுசனும் சேலைக்கு அந்தப் பக்கம் நின்று ஏமாந்துதான் போயிருக்கிறார். ஆனால் அதற்காக இளகிவிட அவர் தயாராக இல்லை.

"நீங்க மாடி கட்டுங்க, வேணாம் எண்டு நான் சொல்லல்ல. ஒங்கட கையால கட்டுங்க. கீழ் வீட்ட நான் கட்டிட்டன். என்ட கைக்கு இனி லீவு."

"சரி மாமி."

ஒன்பது வருடத்தில் அவர் மாமியின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அவரே பயந்துபோனதுபோல் நின்றார். ஆசியா உம்மா கூடாரத்தடிக்குத் திரும்பி நடந்து கதிரையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இரிங்க. வெயிலுக்குள்ளால வந்திரிக்கிறீங்க. வினோஜன் தம்பி, மருமகனுக்கு ஒரு தேத்தண்ணி. சீனி கூட."

றிஸான் கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணியைக் குடித்தார். மாமி எதிரே கூடார வாசலில் மணலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். இரண்டு பேருக்கும் கதைக்கப் பழக்கமில்லை. காற்று எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று றிஸான் சொன்னார். இந்தக் கூடாரம் மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்டார். சாக்கு புதைத்த கதையை மாமி சொன்னார். கோப்பை காலியானதும் றிஸான் எழும்பி, புழுதியைத் தட்டினார்.

"மாமி எப்ப வீட்ட வருவீங்க?"

"நாளைக்கி. பஸ்ஸிலதான் வருவன், கூட்டிக்கிட்டுப் போக வரவேணாம்." பிறகு, அவர் ஹெல்மெட்டைப் போடுவதற்குள் ஆசியா உம்மா கூப்பிட்டார். "மருமகன், நான் வாறதுக்கு முதல்ல அந்தக் குசினி வாசல் சேலையக் கழட்டி வைங்க. பஸ்னாக்கிட்டச் சொல்லாதீங்க. நீங்களே கழட்டுங்க."

மோட்டார் சைக்கிள் தார் ரோட்டில் ஏறி மறைந்தது. வினோஜன் காலிக் கோப்பையை எடுக்க வந்தார். கண்ணைப் பார்க்கமுடியாமல் குற்றவாளிபோல் நின்று, ராச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நண்டு வேண்டும் என்றார் ஆசியா உம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, தக்ஷாயினியிடம் உப்பைக் குறைக்கச் சொல்லும்படியும் சொன்னார்.

"நான் சொன்ன மாதிரியே போய்ச் சொல்லணும், தம்பி."