ஆர்லிஸ் காடிலின் இரண்டு தட்டு

பிக்கெட் ஃபோர்க் என்ற மலைச் சுரங்க ஊரில் கிட்டாரைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் ஓடக்காரன் பாட்டு தெரியும். ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாவது வரி முடிந்ததும் பாட்டு நின்றுவிட வேண்டும் என்பதும் தெரியும். தாளத்தில் சரியாக இரண்டு தட்டு. அந்த இடைவெளியில் கூட்டம் மொத்தமும் தரையில் இரண்டு முறை மிதிக்கும். கல்யாணத்தில் மிதிப்பார்கள், சாவு வீட்டிலும் மிதிப்பார்கள். அதற்குப் பிறகுதான் நாலாவது வரி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. 1974இல் உள்ளூர் வானொலி பதிவு செய்த இசைத்தட்டில் ஆர்லிஸ் காடில் அப்படித்தான் வாசித்திருக்கிறார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

ரேலின் ஸ்டிடம் என்ற இளம்பெண்ணும் அந்த ஜூலை மாதம் வரை கேட்டதில்லை. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து, பழைய பாட்டுகளைக் கிட்டாரில் வாசித்து இணையத்தில் போடுவது அவள் வழக்கம். நாற்பது பேர் பார்ப்பார்கள், அதில் முப்பது பேர் சொந்தக்காரர்கள். ஓடக்காரன் பாட்டைப் போட்ட மறுநாள், தொலைவில் ஆரிகன் மாநிலத்திலிருந்து யாரோ கீழே எழுதியிருந்தார்: "ரொம்ப அழகா இருக்கு. ஆனா அந்த இடத்துல ஏன் தடுக்கி விழறீங்க?"

தடுக்கி விழுகிறாளாமே! நாலு வரி காட்டமாக எழுதினாள். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டாள். ஏன் நிற்கிறது என்று அவளுக்கே தெரியாது.

கேள்வி அதோடு போகவில்லை. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ஊர்த் திருவிழாவில் ஆர்லிஸ் காடில் போட்டி. எல்லோரும் அதே பாட்டைத்தான் வாசிக்க வேண்டும், அவர் வாசித்தபடியே வாசிக்க வேண்டும். ஜெயிப்பவருக்குக் கல்லூரியில் கிட்டார் வகுப்பு எடுக்கும் வேலை. ரேலின் வீட்டின் முதல் பட்டதாரி. பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. பட்டதாரி மலிவு விலைக் கடையில் கல்லாவில் நின்றாள். போன வருஷம் அவள் இரண்டாவதாக வந்தாள். நடுவர் மிஸ் பெவின்ஸ் மதிப்பெண் தாளில் எழுதியிருந்தார்: "இடைவெளி அரைத் தட்டு குறைவு." அந்த அரைத் தட்டுக்காக ஒரு வருஷம் கல்லாவில் நின்றாயிற்று.

திருவிழா சுவரொட்டி கடைக் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தது. ஆர்லிஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் படம். அவர் முகம் தெரிகிற ஒரே படம் அதுதான். பத்து வருஷமாகப் பார்க்கிற படத்தை ரேலின் அன்றைக்குத்தான் கவனித்தாள். வலது கை கிட்டார்மேல் இருந்தது. இடது கை கால்சட்டைப் பைக்குள்.

கிட்டார்க்காரன் படத்துக்கு நிற்கும்போது கம்பி பிடிக்கிற கையை எதற்கு ஒளிக்கிறான்?

ஆர்லிஸின் மகள் நெல்டா டயர் கடை வைத்திருந்தாள். ரேலின் போனபோது இரும்புக் கம்பியை நெம்பி ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பா அந்த இடத்துல ஏன் நிறுத்தினாரு, மிஸ் நெல்டா?"

"நீ யாரு பொண்ணு?"

"ஷெர்ரி ஸ்டிடம் பொண்ணு."

"ஓ, அந்தப் படிச்சவளா?" நெல்டா கம்பியைக் கீழே போட்டாள். "காலேஜ்ல இருந்து இதுவரைக்கும் மூணு பேரு வந்தானுங்க. ஒருத்தனும் ஏன்னு கேக்கல. அந்த மௌனத்துல இந்த மலையோட துக்கம் இருக்காம். புத்தகத்துலயே எழுதிட்டான் ஒருத்தன்."

"இல்லையா?"

நெல்டா தன் இடது கையைத் தூக்கி மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கினாள். "இது ரெண்டும் அவருக்கு இல்ல. எழுபத்திரண்டுல சுரங்கத்துல கூரை விழுந்து போயிருச்சு. மிச்சம் இருக்கிற ரெண்டு விரலையும் கட்டை விரலையும் வெச்சுக்கிட்டு நாலாவது வரிக்குப் பல கம்பியை ஒண்ணா அமுக்கி எஃப் கார்ட் பிடிக்கணும்னா நேரம் ஆகுமா ஆகாதா? துக்கமாம் துக்கம்! அந்த இடம் வந்தாலே வாய்க்குள்ள கெட்ட வார்த்தை சொல்லுவாரு. அந்த ரெக்கார்டைப் போட்டுக் காதைக் கிட்ட வெச்சுக் கேளு, உஸ்ஸுன்னு ஒண்ணு கேக்கும்."

ரேலினுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. "ஊர்ல அவர் கையைப் பார்த்தவங்க இருந்திருப்பாங்களே?"

"சுரங்கத்துக்காரன் கையில விரலை எவன்டி எண்ணுவான்? எல்லாவனுக்கும் ஒண்ணு ரெண்டு குறையும்." நெல்டா கையைத் துணியில் துடைத்தாள். "கம்பெனி டாக்டர் மட்டும் ரேடியோவைக் கேட்டிருக்கான். கிட்டார் வாசிக்கிற கை சுரங்கக் கூரைக்கு போல்ட் முறுக்காதான்னு கேட்டு, திரும்ப உள்ளயே அனுப்பிட்டான். அப்புறம் அப்பா வெளியில எங்கயும் வாசிக்கல. சரி சரி, அப்படி மொறைக்காத. உன் கார்ல முன் டயர் ரெண்டும் மொட்டை. மொதல்ல அதைப் பாரு."

வீட்டுக்கு வந்ததும் ரேலின் இரண்டு விரல்களையும் துணி டேப்பால் உள்ளங்கையோடு சேர்த்து ஒட்டிக்கொண்டாள். மூன்றாவது வரி முடிந்தது. கட்டை விரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலே கொண்டுவந்து தடித்த கம்பியில் வைக்க வேண்டும், மற்ற இரண்டையும் நகர்த்த வேண்டும். ஒன்று, இரண்டு. கார்ட் உட்கார்ந்தது. திரும்ப வாசித்தாள். ஒன்று, இரண்டு. இருபது தடவை வாசித்தும் அதே இரண்டு தட்டுதான். தன்னையறியாமல் அவளும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

சோள ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "டிகிரி வாங்கின கைக்கு இதுதான் வேலையாடி?"

ரேலின் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா ரொட்டியை வெட்டியபடியே கேட்டாள்.

"பாவம் மனுஷன். ஆனா நீ அந்த ரெண்டு தட்டையும் வெச்சே வாசிச்சுட்டு வா. வேலை கைக்கு வரட்டும். அப்புறம் கிளாஸ்ல போய் உன் ஆராய்ச்சியைச் சொல்லிக்கோ."

நியாயமான யோசனை. அப்படியே செய்வது என்றுதான் சனிக்கிழமை மதியம் மேடை ஏறினாள். அவளுக்கு முன்னால் ஆறு பேர் வாசித்திருந்தார்கள். ஆறு பேரும் அந்த இடத்தில் கண்ணை மூடினார்கள், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்கள், கூட்டம் மிதித்தது.

முதல் சரணத்தில் ரேலினும் நிறுத்தினாள். தொம், தொம். அவளுடைய ஐந்து விரல்களும் அதற்குள் எஃப் கார்டில் போய் உட்கார்ந்து சும்மா இருந்தன. யாருக்காக இந்தக் காத்திருப்பு? அவள் காதில் விழுந்தது துக்கம் இல்லை, அந்த உஸ்தான்.

இரண்டாவது சரணத்தில் அவள் நிறுத்தவில்லை.

கூட்டத்தின் மிதி நாலாவது வரியின் தலையில் வந்து விழுந்தது. "ஏய், பிரேக் பிடிக்கலையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. மூன்றாவது சரணத்தில் பாதிப் பேர் மிதித்தார்கள், மீதிப் பேர் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்கள். நாலாவதில் யாரும் மிதிக்கவில்லை. பாட்டு எங்கும் நிற்காமல் ஓடம் மாதிரி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை வருஷம் வாசித்த பாட்டை ரேலின் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டாள். இதன் உடம்பு இப்படியா இருந்தது?

மிஸ் பெவின்ஸ் பென்சிலைக் கீழே வைத்தார். "இடைவெளி எங்கம்மா?"

"ஆர்லிஸுக்கு ரெண்டு விரல் கிடையாது, மேடம். எஃப் கார்ட் பிடிக்க அவருக்கு ரெண்டு தட்டு தேவைப்பட்டுச்சு. எனக்கு அஞ்சு விரலும் இருக்கு."

"ஆர்லிஸ் வாசிச்சபடியே வாசிக்கணும்கிறது விதி."

"அவர் நிறுத்தணும்னு நிறுத்தல. அதையும் விதியில சேத்துக்கோங்க."

வகுப்பு பக்கத்து ஊர்ப் பல் டாக்டருக்குப் போயிற்று. அவருக்கு ஏற்கெனவே வேலைக்குப் பஞ்சமில்லை. அம்மா கோபத்தில் மூன்று நாள் சோள ரொட்டி சுடவில்லை.

நாலாவது நாள் மதியம், ரேலினின் கல்லா வரிசையில் மிஸ் பெவின்ஸ் நின்றார். பூனைத் தீனி இரண்டு டப்பா. துணி டேப் ஒரு சுருள்.

"எம்மேல கோவமா?"

"ஆமா."

"இருக்கட்டும்." அவர் பையை எடுத்துக்கொண்டு நகரவில்லை. டேப்பை மட்டும் வெளியே எடுத்துப் பிரித்தார், இடது கையைக் கல்லாமேல் விரித்து வைத்தார். "ஒட்டிக்கிட்டு நானும் வாசிச்சுப் பாக்கணும். எந்த ரெண்டு விரல்னு காட்டு."

ரேலின் தொட்டுக் காட்டினாள். மோதிர விரல், சுண்டு விரல். வரிசையில் பின்னால் நின்றிருந்த ஆள் பால் கேனைத் தரையில் வைத்துவிட்டுத் தன் இடது கையைத் தூக்கி, இல்லாத கிட்டாரின் கழுத்தை மெல்லப் பிடித்துப் பார்த்தான்.